பத்து முகங்களும் உன் அத்தானும்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகம் என்று எழுதுவது முறை. எழுதிவிட்டேன், நம்புவது உன் பொறுப்பு. நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும்.

உன் அக்கா போய்ச் சேர்ந்த இந்த ஏழு மாதமாக நான் வாசற்படி தாண்டுவதில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் உன்னிடம் வத்தி வைக்க, நீயும் ஒரு கேமராவை அனுப்பி, முன்பின் தெரியாத பத்துப் பேரின் முகத்தைப் படம் பிடித்து மாதக் கடைசிக்குள் அனுப்பாவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு என்னை உன்னோடு அழைத்துப் போவதாகக் கெடு வைத்தாய். முப்பத்தொரு வருடம் எக்ஸ்ரே எடுத்தவனுக்கு இதென்ன பிரமாதம் என்று ஆழம் தெரியாமல் காலை விட்டேன். அங்கே டாக்டர் சீட்டோடு அவர்களே வந்து, நெஞ்சைப் பலகையில் ஒட்டி, எனக்கு முதுகைக் காட்டி நிற்பார்கள். முகத்தைப் பார்க்கிற வேலையே எனக்கு இருந்ததில்லை, தம்பி.

முதல் வாரம் பேருந்து நிறுத்தத்தில் பதினாறு படம் எடுத்தேன். பதினாறும் முதுகு. நன்றாகவே விழுந்திருந்தன, கூன் யாருக்கு என்றுகூடச் சொல்லலாம். சரி, கேட்டே எடுப்போம் என்று ஒரு பெரியவரிடம் போய் வாயைத் திறந்தால், பழக்க தோஷம், "சட்டையக் கழட்டிட்டு நேரா நில்லுங்க" என்று வந்துவிட்டது. அவர் பையைத்தான் முதலில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அடுத்து பழக்கடை அம்மாள் தங்கமான மனுஷி, எடுத்துக்கோங்க என்றார். "மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்றேன். பிடித்தார். எனக்குப் பொத்தான் அகப்படவில்லை, விடச் சொல்லவும் மறந்துவிட்டேன். முகம் சிவந்து, கண் பிதுங்கி, "விடலாமா கூடாதா, சொல்லித் தொலைய்யா" என்று அவர் கத்தியதில் தெருவே கூடிவிட்டது. நேற்று ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெண் எக்ஸ்ரே உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேமராவைத் தூக்கினேன். அவள் நேராக என்னைப் பார்த்தாள். வீடு வந்து சேரும்வரை நான் எங்கும் நிற்கவில்லை.

ஆகவே எனக்குத் தைரியம் இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். கெடுவை நீட்ட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப் போ; ஒரு மூலையில் கிடக்கிறேன். பிள்ளைகள் நூறாண்டு வாழட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: வர வேண்டாம். மேலே எழுதியதை நம்பாதே. உன் அக்கா இருமலோடு வந்தபோது படம் எடுத்தது நான்தான். டாக்டர் பார்ப்பதற்கு முன்பே அதில் இருந்ததைப் பார்த்ததும் நான்தான். வெளியே வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு "ஒண்ணுமில்ல" என்றேன். அதற்குப் பிறகு அவள் இருந்த ஐந்து மாதமும் அவள் முகத்தை நான் நேராகப் பார்க்கவில்லை. "என் மூஞ்சிய ஏன் பாக்கவே மாட்டேங்கறீங்க?" என்று ஒருநாள் கேட்டாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உனக்கு அப்படியே அவள் கண், அவள் மூக்கு. தெரியாதவர்கள் பத்துப் பேர் என்ன, நூறு பேரை எடுத்து அனுப்புகிறேன். நீ மட்டும் வந்து என் எதிரே உட்காராதே, தம்பி.