இல்லையர் சொன்ன ஒரேயொரு ஓம்

எனக்கு எண்பத்தொரு வயது. பெற்று வளர்த்தது ஐந்து, பெறாமல் வளர்த்தது இரண்டு. ஆகையால் பிள்ளைக்குச் சோறு தீத்துவது எப்படி என்று எனக்குப் படிப்பிக்க யாரும் வரவேண்டாம். இதை முதலிலேயே சொல்லி வைத்தால் பிறகு சண்டை இல்லை.

இனி இல்லையர். இந்த யாழ்ப்பாணம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், வருகிற சனத்தைத் துரத்துவதற்கென்றே சாப்பாட்டுக்கடை திறந்த மனிசன் அவர் ஒருவர்தான். கொடிகாமம் சந்தைக்குக் கிட்ட இருந்தது கடை. ஒரு காற்றுக்குப் பெயர்ப்பலகை விழுந்தது. "திருப்பிக் கொழுவேல்லையோ அண்ணை?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "இல்லை" என்றார். அதோடு கடையின் பெயரும் போயிற்று, அவருடைய பெயரும் போயிற்று. ஊர் வைத்த பெயர்தான் இல்லையர்.

எதைக் கேட்டாலும் முதலில் இல்லை. இருக்கிறதா என்று பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

"அண்ணை, வடை சூடோ?"

"இல்லை. காலமை சுட்டது."

"பிளேன்ரீ ஒண்டு, சீனி குறைச்சு."

"இல்லை. சீனி போட்டாச்சு. இனி என்ன, பொறுக்கி எடுக்கிறதோ?"

கனடாவில் இருந்து வந்த ஒரு குடும்பம், கறுப்புக் கண்ணாடியோடு வானால் இறங்கி நெய்த்தோசை கேட்டது. இல்லை. மசாலாத் தோசை? இல்லை. அந்த மனிசனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப இங்கை என்னதான் ஐசே இருக்கு?" என்று கத்தினார். "வந்த வழி இருக்கு" என்றார் இல்லையர். அவர்கள் இருந்து வெறுந்தோசை தின்று, மிச்சத்தைக் கட்டிக்கொண்டும் போனார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில், பொம்பிளையைப் பிடித்திருக்கோ என்று கேட்டபோதும் பழக்கதோசத்தில் இல்லை என்றுவிட்டு, பிறகு அதே பெண்ணைக் கட்டி நாலு பிள்ளை பெற்றார் என்று சந்தையில் கதை. நான் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

எனக்கும் இந்த மனிசனுக்கும் பழக்கம் வந்தது என் பேத்தி ஆரணியால். கடைசி மகளின் ஒரே பிள்ளை. அப்போது நாலு வயது. அவளுக்கு எள்ளு ஒத்துக்கொள்ளாது. வாயில் பட்டால் உதடு வீங்கும், தொண்டை அடைக்கும், மூச்சு இழுக்கும். "எள்ளளவும் குடுக்கப்படாது அம்மா" என்றார் டொக்டர். எல்லோரும் சும்மா வாயில் வருகிறபடி சொல்கிற சொல் அது. எங்கள் வீட்டில் அது சட்டமாகிவிட்டது.

சொந்தக்காரர் சும்மா இருப்பார்களா?

"கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துப் பழக்குங்கோ மாமி."

"முதல்லை உம்மடை பிள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாக் கிணத்துக்கை இறக்கிப் பழக்கும். பேந்து நான் குடுக்கிறன்."

"சனி தோசமாக்கும். எள்ளெண்ணெய் எரியுங்கோ."

"எரிக்கிறன். ஊரிலை உள்ள எல்லாத்தையும் கொண்டு வாருங்கோ, எரிக்கிறன்."

இதெல்லாம் பரவாயில்லை. "கடை கண்ணிக்குக் கொண்டு திரியாமல் வீட்டோடை வைச்சிருங்கோ" என்றாள் ஒருத்தி. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பெட்டகத்துக்குள் பூட்டி வைக்க அவள் என்ன தாலிக்கொடியா? மற்றப் பிள்ளைகளைப்போல வாங்கில் ஏறியிருந்து, காலை ஆட்டிக்கொண்டு, கடைத் தோசை தின்ன அவளுக்கு ஆசை. தின்ன வைக்காமல் விடுவதில்லை என்று நின்றேன்.

பட்டினத்தில் ஒரு கடை. பெயர் வேண்டாம். காசு மேசையில் இருந்தவரிடம் வடிவாகக் கேட்டேன்.

"தம்பி, உங்கடை தோசையிலை எள்ளு இருக்கோ?"

"எள்ளோ? எங்கடை கடைப்பக்கமே வராது அம்மா."

"பயமில்லாமல் பிள்ளைக்குக் குடுக்கலாமோ?"

"ஓம் ஓம் ஓம். குடுங்கோ."

பாதித் தோசை முடியவில்லை. பிள்ளையின் உதடு பணியாரம்போல் பொங்கிவிட்டது. ஓட்டோ பிடித்து, ஆஸ்பத்திரிக்கு ஓடி, ஊசி போட்டு, அவள் ஒழுங்காக மூச்சு விடும்வரைக்கும் நான் மூச்சு விடவில்லை. அடுத்தநாள் குடையும் கையுமாக அந்தக் கடைக்குப் போனேன். அவர் நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் பண்ணினார்.

"முருகனறிய ஒரு பொட்டு எள்ளும் போடேல்லை அம்மா. சுத்தமான நல்லெண்ணெய் மட்டும்தான் விட்டது!"

எள்ளை ஆட்டினால் வருவதுதான் நல்லெண்ணெய் என்று அவருக்குத் தெரியாதா? நல்லாகத் தெரியும். ஆனால் பெயரிலேயே 'நல்ல' என்று இருக்கிற ஒன்று ஒரு பிள்ளைக்குக் கெடுதி செய்யும் என்பது எங்கள் சனத்தின் தலையில் ஏறாது. எள் என்பதற்குள் எண்ணெயாக நிற்கிற சனம், நான் எள்ளு இருக்கோ என்று கேட்டால் மட்டும் எண்ணெயை மறந்துவிடுகிறது. அதோடு, வந்தவருக்கு இல்லை சொல்வது எங்கள் ஊரில் பாவம். எதற்கும் ஓம். அந்த ஓம்தான் என் பிள்ளையை ஆஸ்பத்திரியில் கிடத்தியது.

பிறகு ஒரு மழைநாள். கொடிகாமத்தில் பஸ்ஸைத் தவறவிட்டோம். பிள்ளைக்குப் பசி. ஒதுங்குவதற்கு இல்லையர் கடைதான் கிட்ட இருந்தது.

"தம்பி, எள்ளுக் கிள்ளு..."

"இல்லை."

"நல்லெண்ணெய்..."

"இல்லை."

"தாளிக்கிறதுக்காவது ஒரு சொட்டு..."

தோசை புரட்டுகிற தட்டகப்பையோடு குசினிக்குள் இருந்து வெளியே வந்தார். மெலிந்த உடம்பு, மடித்துக் கட்டிய சாரம், புருவம் மட்டும் பெரிசு.

"இஞ்சை பாருங்கோ ஆச்சி, என்ரை உடம்பிலை உசிர் இருக்குமட்டும் அந்த நாயின்ரை எண்ணெய் என்ரை வாசல்படி மிதியாது!"

எந்த நாய்? எப்போதிருந்து நாய்கள் எண்ணெய் ஆட்டுகின்றன? பக்கத்து வாங்கில் இருந்த மரக்கறிக்காரிதான் என் காதுக்குள் சொன்னாள்.

"அவற்றை தங்கச்சியின்ரை புருசன் எண்ணெய் மில் வைச்சிருக்கிறார். ஒரு கலியாணவீட்டிலை நிண்டு, 'என்ரை நல்லெண்ணெய் இல்லாட்டில் இவன்ரை தோசையை மாடும் தின்னாது' எண்டு சொல்லிப்போட்டார். அண்டையோடை மச்சானும் மச்சானும் கதையில்லை. இங்கை எல்லாத்துக்கும் தேங்காயெண்ணெய்தான்."

நான் சூடு கண்ட பூனை. ஒருவரின் வாய்ச்சொல்லையும் நம்பவில்லை. நேரே குசினிக்குள் நடந்தேன்.

"குசினிக்கை ஆரும் வரேலாது ஆச்சி."

"ஆருக்கு ஆச்சி? உமக்கு நான் அக்கா. விலத்தும்."

தாச்சி, போத்தல், தோசைக்கல், கல்லுக்கு எண்ணெய் பூசுகிற துணி எல்லாவற்றையும் மணந்து பார்த்தேன். அவருடைய கையையும் பிடித்து மணந்தேன்.

"காலையும் மணக்கப் போறியளோ அக்கா?"

பிள்ளைக்கு எள்ளு ஒத்துக்கொள்ளாத கதையை அவருக்குச் சொன்னேன். ஆரணி வாங்கில் ஏறியிருந்து தோசை தின்றாள். நான் தின்னவில்லை, அவளுடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றுமே நடக்காத சாப்பாட்டின் ருசி, அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். விரலைச் சூப்பிக்கொண்டு "இன்னுமொண்டு இருக்கோ?" என்று கேட்டாள். "இல்லை" என்று சொல்லிக்கொண்டே இன்னொன்றைத் தட்டில் போட்டார்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் நேசறிப் பள்ளி விட்டதும் அங்கேதான். ஒருநாள் ஒருவர் எள்ளுருண்டைப் பொட்டலத்தோடு உள்ளே வந்துவிட்டார்.

"வெளியிலை போம்."

"நான் தின்னேல்லை அண்ணை. சும்மா பையுக்கைதான் கிடக்குது."

"அப்ப பையையும் கூட்டிக்கொண்டு போம்."

இப்படி ஒரு வருசம் போயிற்று. திடீரென்று மரக்கறிக்காரி சொன்னாள், இல்லையரின் தங்கை மகளுக்குக் கலியாணம் சரிவந்துவிட்டதாம், தாய்மாமன் இல்லாமல் எப்படி, வருகிற வெள்ளி மச்சான்காரர் வந்து சமாதானம் பேசப்போகிறாராம். சந்தை முழுக்கச் சந்தோசம். எனக்கு மட்டும் இல்லை. சண்டை முடிந்தால் எண்ணெய் வரும். எண்ணெய் வந்தால் என் பிள்ளைக்கு வாங்கு போய்விடும். தொண்டைமானாற்றுச் சன்னதியானிடம் போய் நின்று, "முருகா, ரெண்டு குடும்பமும் சேரப்படாது" என்று கும்பிட்டேன். அப்படி ஒரு நேர்த்தியை அவரும் அதற்கு முன் கேட்டிருக்கமாட்டார்.

அந்த வெள்ளி நாங்கள் மூலை வாங்கில் இருந்தோம். மில்காரர் பட்டுவேட்டியோடு வந்தார். பின்னால் தங்கை, கண் கலங்கியபடி. மில்காரரின் கையில் ஒரு பெரிய எண்ணெய்க் கான்.

"மச்சான், பழசை விடுவம். பிள்ளையின்ரை கலியாணத்துக்கு நீ வந்து நிக்கவேணும். வருவியோ?"

கடைக்குள் எள் விழுந்தால் கேட்கும். இல்லையர் தங்கையைப் பார்த்தார்.

"ஓம்."

அந்தக் கடையில் அப்படி ஒரு சொல்லை ஒருவரும் கேட்டதில்லை. தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவருக்குப் புரையேறிவிட்டது. மில்காரர் கானைத் தூக்கி மேசையில் வைத்தார்.

"அப்ப இந்தா. இனி இங்கை என்ரை எண்ணெய்தான். முதல் தோசைக்கு நானே விடுறன், கல்லைக் காட்டு."

ஆரணி இரண்டு கையாலும் தன் தட்டை மூடினாள். இல்லையர் கானைப் பார்த்தார். பிறகு எங்கள் மூலையைப் பார்த்தார்.

"இல்லை."

"என்ன இல்லை? இப்பத்தானே ஓம் எண்டனீ?"

"கலியாணத்துக்கு ஓம். எண்ணெய்க்கு இல்லை."

"அப்ப இன்னும் மனசுக்கை வைச்சிருக்கிறாய்?"

நான் எழும்பினேன். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். "அக்கா, இருங்கோ. பிள்ளை சாப்பிடட்டும்" என்று என்னை அடக்கிவிட்டார். மில்காரர் கானைத் தூக்கினார். "என்ரை எண்ணெய் வேண்டாதவன் என்ரை பந்தலுக்கும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். தங்கை அழுதுகொண்டு பின்னால் போனாள்.

கானை வாங்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, அவர்கள் போனபிறகு கவிழ்த்து ஊற்றியிருக்கலாம். வேறு யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள். பொய்க்கு ஓம் சொல்ல அந்த வாய் பழகவில்லை.

கலியாணமும் ஒரு வெள்ளிக்கிழமைதான் வந்தது. கடை பூட்டியிருக்கும் என்று நினைத்தும், பழக்கத்தில் போனோம். திறந்திருந்தது. இல்லையர் கரை போட்ட புதுவேட்டி கட்டி, தோளில் சால்வை போட்டு, தோசை சுட்டுக்கொண்டு நின்றார்.

"தம்பி, நான் போய் அவருக்கு உள்ளதைச் சொல்லுறன்."

"இல்லை அக்கா. சொன்னால், ஒரு பிள்ளையாலை ரெண்டு குடும்பம் பிரிஞ்சதெண்டு சனம் கதைக்கும். பொம்பிளைப் பிள்ளை. என்னைக் கதைக்கட்டும். எனக்குப் பழகிப்போச்சு."

சால்வை நுனியால் முகத்தைத் துடைத்தார். அடுப்புப் புகை என்றார். அன்றைக்கு அடுப்பில் புகையே இல்லை.

போன வருசம் இல்லையர் போய்விட்டார். செத்தவீட்டில் மில்காரர் தலையில் அடித்து அழுதார். "கல்லு நெஞ்சன், கடைசிமட்டும் இறங்கேல்லையே" என்றார். சந்தையிலும் அதே கதைதான். அதனால்தான் எழுதுகிறேன். மில்காரத் தம்பி, இதை வாசித்தால் வாசியும். உம்முடைய எண்ணெயில் ஒரு குறையும் இல்லை. அவருடைய நெஞ்சிலும் இல்லை. குறை சொல்ல வேண்டுமானால் என்னிடம் வாரும். என் வீட்டுப் படலை திறந்துதான் கிடக்கிறது. எழுதட்டோ என்று ஆரணியிடமும் கேட்டேன். பத்து வயது அவளுக்கு. "எழுதுங்கோ அம்மம்மா. கதைக்கிற ஆக்கள் கதைக்கட்டும்" என்றாள். என் பேத்தி.

செத்தவீட்டில் அவருக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தார்கள். ஆரணி படலைக்கு வெளியே எட்டத்தில் நின்று பார்த்தாள். "அம்மம்மா, இல்லைத் தாத்தா இண்டைக்குத்தான் வேண்டாமெண்டு சொல்லேல்லை" என்று என் சேலைக்குள் முகத்தைப் புதைத்தாள்.

ஆரணி, இங்காலை வா பிள்ளை. இதை ஒருக்கா உரத்து வாசி பாப்பம். 'இல்லை' எண்டு வாற இடமெல்லாம் அவரைப்போலையே சொல்லு. நான் ஒருக்காக் கேக்கவேணும்.