கையில் வந்து உட்கார்ந்த மாமனார்

கோயில், குளம் என்று போனால் சாமியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்க்கிற கண் எனக்கு. ஒப்புக்கொள்கிறேன்.

கல்யாணமான முதல் புரட்டாசி. மகாளய அமாவாசைக்கு மாமியாரையும் மனைவியையும் கோடியக்கரைக்குக் கூட்டிப் போனேன். மாமனார் போய் இரண்டு வருஷம். ஆண் பிள்ளை இல்லை. எள்ளும் தண்ணீரும் நான்தான் இறைக்க வேண்டும். அவரோ குத்தகை நிலத்துக்காக மிராசுதாரைக் கோர்ட்டுக்கு இழுத்த கறுப்புச் சட்டைக்காரர். ஆசைப்பட்ட ஆட்சி வந்ததைப் பார்த்துவிட்டு, "எனக்குத் திதி கிதி பண்ணினா நடக்கிறதே வேற" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

"அது அவரு கொள்கைங்க மாப்பிள்ளை. அவரைப் பசியோட அலைய விட்டா எனக்குச் சோறு இறங்குமா?" என்றார் மாமியார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

கரையில் ஐயரிடம் கூட்டம். உச்சிக்குள் முடிக்க வேண்டும். புதர்ப்பக்கம் ஏதோ அசைந்தது. "இதோ வந்துடறேன்" என்று எள்ளுப் பொட்டலத்தோடு நழுவினேன்.

காய்ந்த செடி ஒன்றில் இலையெல்லாம் திறந்து திறந்து மூடின. கிட்டப் போனால், பட்டாம்பூச்சி! கறுப்பு இறக்கையில் வெளிர் நீலப் பொட்டு. நூறா, ஆயிரமா? பூவே இல்லாத குச்சியில் அப்படி என்னத்தை உறிஞ்சுகின்றன? பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு கிளையை ஒடித்துக் கசக்கிப் பார்த்தேன். துண்டில் கையைத் துடைத்து முடிப்பதற்குள் ஏழெட்டு என் கையிலேயே உட்கார்ந்துவிட்டன. உடம்பு சிலிர்த்தது. அமாவாசை. கறுப்புச் சட்டை. மாமாவேதான்!

பறந்துவிடக் கூடாதே என்று, கரகம் எடுப்பவன்போல மெல்ல மெல்ல வந்தேன்.

"அத்தை! மாமா வந்துட்டாங்க!"

கூட்டமே திரும்பியது. உப்பளத்தில் வேலை செய்கிற அம்மாள் ஒருத்தி சிரித்தாள். "கிலுகிலுப்பைச் செடியை ஒடிச்சீங்களா? அந்தச் சாறுக்கு மொய்க்குங்க. மழைக்கு முன்னாடி கூட்டமா வரும். எங்கேருந்து வருதோ, எங்கே போகுதோ."

ஐயர் வானத்தைப் பார்த்தார். "உச்சி சாயப் போறதே. எள்ளு எங்கே?"

எள்ளு புதரில். (எந்தப் புதர்? எல்லாம் ஒரே மாதிரி இருந்தன.) தேடி அலைந்து வெறுங்கையோடு திரும்பியபோது ஐயர் கிளம்பிவிட்டார். மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

"மன்னிச்சிருங்க அத்தை."

சாறு பட்ட என் துண்டில் பட்டாம்பூச்சி ஒன்று மட்டும் இன்னும் ஒட்டியிருந்தது. மாமியார் அதையே பார்த்தார். கண்ணில் தண்ணீர், உதட்டில் சிரிப்பு.

"எள்ளை ஒளிச்சு வச்சுட்டீங்களா? சரி, நீங்களே ஜெயிச்சீங்க, போங்க" என்று அதனிடம் சொன்னார். பிறகு என்னிடம், "வாங்க மாப்பிள்ளை. பசிக்குது."

இன்றைக்கும் வீட்டுக்குள் கறுப்புப் பட்டாம்பூச்சி வந்தால் என் மனைவி, "அப்பா வந்திருக்கார், எள்ளு டப்பாவை மூடுங்க!" என்று கத்துவாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் மட்டும் கையெடுத்துக் கும்பிடுவேன், அது அவருக்குப் பிடிக்காது என்று தெரிந்தும்.