வலது காலா, இடது காலா?

கொம்பையாவுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு சிவக்கும். அப்புறம் சட்டைப் பொத்தான் தெறிக்கும். அன்றைக்குப் பொத்தான் தெறித்துத் தவிட்டு மூட்டைக்குள் போய் விழுந்தது. காரணம், பருத்திக்கொட்டை வாங்க வந்த ஆள் கடை போர்டை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது காளீஸ்வரி அக்கா வீட்டுக்காரர் கடைதான?" என்று கேட்டதுதான்.

போர்டில் 'கொம்பையா மாட்டுத்தீவனம்' என்று கண் தெரியாதவனுக்கும் தெரிகிற அளவில் எழுதியிருக்கிறது. கோவில்பட்டிச் சந்தைக்குப் போகிற மாடெல்லாம் அந்தக் கடையை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போகும். மாட்டுக்குத் தெரிந்தது மனுசனுக்குத் தெரியவில்லை. வயிறு எரியாதா?

எல்லாம் அந்தப் படிப்பு செய்த வேலை. மகள் ஹாஸ்டலுக்குப் போனதும் அவர் மனைவி காளீஸ்வரி சமுதாயக் கல்லூரியில் மெடிக்கல் கோடிங், பில்லிங் என்று சேர்ந்துவிட்டாள். மனுசனுக்கு வருகிற நோய் நொடி ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டாம். டாக்டர் எழுதியதைப் படித்துச் சரியான நம்பரைப் போட்டால்தான் இன்சூரன்ஸ்காரன் பணம் தருவானாம். அவள் சேர்ந்து ஆறு மாதத்தில், தெருவில் யார் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாலும் பில்லைத் தூக்கிக்கொண்டு நேராக அவளிடம்தான் வந்தார்கள். வாசலில் உட்கார்ந்திருக்கிற கொம்பையாவைப் பார்த்து, "அக்கா இருக்காவளா?" என்பார்கள். அவர் என்ன, கூர்க்காவா?

வீட்டுக்குள்ளும் நிம்மதி இல்லை.

"ஏட்டி, வயிறு வலிக்கி."

"எந்தப் பக்கம்? மேலயா, கீழயா?"

"வயித்துலதாம்ட்டி வலிக்கி!"

"மொட்டையாச் சொன்னா நம்பர் போட முடியாதுங்க."

"உன் நம்பரக் கொண்டுபோய்க் கிணத்துல போடு. எனக்குச் சுக்குத்தண்ணி போடு!"

மறுநாள் கடைசிப் பரீட்சை. பாஸானால் பைபாஸ் ரோட்டில் புதிதாகத் திறந்திருக்கிற ஆபீஸில் வேலை நிச்சயம். விட்டால் அடுத்த வருஷம்தான். அந்த ஆபீஸ் வேலை கிடைத்துவிட்டால் கொம்பையா என்ற பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் மிஞ்சும்.

அவர் முடிவெடுத்தார். அவள் பரீட்சைக்குப் போகக் கூடாது. போகாதே என்று சொன்னால் கேட்க மாட்டாள். அதனால் ஒரு கால் ஒடிந்தாக வேண்டும். அவருடைய கால்.

விடியற்காலையில் கொல்லையில் ஆட்டுக்கிடா பக்கத்தில் போய் விழுந்து, தெரு எழுந்திருக்கிற மாதிரி அலறினார். காளீஸ்வரி பாதி பின்னிய சடையோடு ஓடி வந்தாள்.

"கிடா முட்டிட்டுட்டி! காலு போச்சு!"

"எந்தக் கால்?"

"வலது கால்!"

"முழங்காலுக்கு மேலயா, கீழயா?"

"கீழ!"

"இதுதான் முதல் தடவையா?"

"இங்கன ஒருத்தன் சாகக் கிடக்கேன், நீ சென்சஸ் எடுக்கியா?"

காளீஸ்வரி கிடாவைப் பார்த்தாள். அது குட்டைக் கயிற்றில் மூலையில் கட்டிக் கிடந்து அகத்தி தின்றுகொண்டிருந்தது. அவள் அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்க் கட்டிலில் படுக்க வைத்தாள்.

கொம்பையா ரகசியமாகப் புதூருக்குப் போன் போட்டார். அங்கே அவர் அக்கா பாலம்மாள் இருக்கிறாள். அவள் வாய்க்குப் பயந்து புதூர் பஸ்ஸே நேரத்துக்குக் கிளம்பும். அந்த வாயிலிருந்து நாலு கேள்வி வந்து விழுந்தால் காளீஸ்வரி பரீட்சையை மறந்துவிடுவாள் என்பது கணக்கு.

பாலம்மாள் முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். கூடவே அவர் கேட்காத ஒரு ஆளும் வந்தார். எலும்புக்குக் கட்டுப்போடும் வைத்தியர் நல்லக்கண்ணு. ஒரு கையில் முட்டைக் கூடை, இன்னொரு கையில் மூங்கில் பத்தை.

"அக்கா, இவரு எதுக்கு?"

"ஒடிஞ்ச காலுக்குக் கட்டுப்போடாம பூவா வைப்பாவ? நீட்டுலே!"

கொம்பையா பதறிப்போய் நீட்டினார். நீட்டியது இடது கால். காளீஸ்வரி வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

வைத்தியர் அமுக்கிப் பார்த்தார். "எலும்பு விலகியிருக்கு" என்றார். நல்ல எலும்பைப் பார்த்து வாய் கூசாமல் சொன்னார்! சொன்னதோடு விட்டாரா, பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். அதுவரை பொய்யாக அலறிய கொம்பையா அப்போதுதான் நிஜமாக அலறினார். முட்டை வெள்ளைக்கரு, உளுந்தமாவு, துணி, மூங்கில் பத்தை எல்லாம் சேர்ந்து கால் உலக்கையாகிவிட்டது.

"அமாவாசை வரைக்கும் ஊனக் கூடாது. சாயங்காலம் கட்டு இறுகிட்டான்னு பாத்துட்டு நான் ஊருக்குப் போறேன்."

போகட்டும், வந்த காரியம் நடந்தால் சரி என்று கொம்பையா அக்கா வாயையே பார்த்தார். அதற்குள் காளீஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"மதினி, நான் பரீட்சைக்குப் போகல. ஆட்டையெல்லாம் பட்டியில போட்டுட்டு வந்திருக்கீங்க, நீங்க ஊருக்குப் போங்க. இவியளத் தூக்கி இறக்க உங்களால ஏலாது."

"ஏலாதா? எனக்கா?"

"வயசாச்சுல்லா மதினி."

"யாருக்குட்டி வயசாச்சு? இவன இடுப்புல வச்சுக்கிட்டே ஆடு மேச்சவ நான். போட்டி, உன் பரீட்சைக்குப் போ! நான் பாக்கேனா இல்லையான்னு சாயங்காலம் வந்து பாரு!"

"அக்கா, அவ போகக் கூடாது..."

"சும்மா கிடலே!"

காளீஸ்வரி மீதிச் சடையைப் பின்னிக்கொண்டு போயே போய்விட்டாள்.

பகல் முழுக்கப் பாலம்மாள் கட்டிலை விட்டு நகரவில்லை. கஞ்சியை வாயில் ஊற்றினாள். "எனக்கு ஒண்ணும் இல்லக்கா, அவுத்து விடு" என்று அவர் கெஞ்சினால், "வலியில பினாத்துதான்" என்று தோளைப் பிடித்து அமுக்கினாள்.

சாயங்காலம் காளீஸ்வரி கடலைமிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்தாள். பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாள் என்பது நடையிலேயே தெரிந்தது. பாலம்மாள் அடுக்களையில் வைத்தியருக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். கொம்பையா பல்லைக் கடித்தார்.

"ஏட்டி, நடிச்சேன். காலு நல்லாத்தான் இருக்கு. போதுமா? கட்ட அவுத்து விடு!"

"தெரியும். கட்டிக் கிடக்க கிடா எப்படிங்க முட்டும்?"

"தெரிஞ்சேவா கட்ட விட்ட?"

"இல்லாத நோவ இருக்குன்னு படுத்துக்கிடுதவங்களுக்கும் ஒரு நம்பர் இருக்கு. இசட் எழுபத்தாறு புள்ளி அஞ்சு. இன்னைக்குக் கேட்டிருந்தான். உங்க மூஞ்சிய நினைச்சேன், டக்குனு வந்துட்டு." அவள் குரல் நடுங்கியது. அது அழுகை இல்லை, கோபம். "அடுப்பையும் பாத்து, உங்க தவிட்டு மூட்டையையும் பாத்து, மிச்ச நேரத்துலதான படிச்சேன்? இந்த ஒரு நாள விட்டுக்குடுக்க உங்களுக்கு மனசு வரலல்லா?"

கொம்பையாவின் மூக்கு சிவந்தது. இந்தத் தடவை கோபத்தில் இல்லை.

"நடிச்சத மதினிகிட்ட நீங்க சொல்லுதீங்களா, நான் சொல்லவா?"

பட்டியில் பட்டினி கிடக்கிற ஆடுகளை அவர் நினைத்துப் பார்த்தார். அக்கா வாயையும் நினைத்துப் பார்த்தார்.

"யாரும் சொல்ல வேண்டாம்" என்றார் ஈனஸ்வரத்தில்.

"சரி" என்றவள், அடுக்களைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "மதினி! காலையில இவிய என்கிட்ட வலது கால்னுல்லா சொன்னாவ. வைத்தியர அதையும் ஒரு தடவ பாக்கச் சொல்லுங்க!"

அடுக்களையில் முட்டை உடைபடும் சத்தம் கேட்டது.