நூற்றாண்டு நூலகம், வாடகைக்கு

மேல்தட்டிலிருந்து ஒரு புத்தகத்தை உருவினார் பாஸ்கரன். கூடவே பக்கத்துப் புத்தகமும் வந்தது. அதற்கு அடுத்ததும் வந்தது. கடைசியில் ஒரு வரிசையே கையோடு வந்துவிட்டது. தங்க எழுத்துப் போட்ட முதுகுகளை வரிசையாக ஒட்டிய ஒரு பலகை. பின்னால் வெறும் தெர்மாகோல்.

"இன்னாய்யா இது?" என்று போனில் அலறினார்.

"சினிமா செட்டு புக்கு சார்," என்றான் திருவேங்கடம். சென்னையில் பாடி பக்கம் ஷூட்டிங் சாமான்களை வாடகைக்கு விடுகிறவன். "கோர்ட்டு சீனு, வக்கீல் ஊடு, அல்லாத்துக்கும் இதான் போவுது. எந்த ஹீரோ எட்த்துப் படிச்சான்? கீழ்த்தட்டுல நெஜ புக்கு கீது, அத்த காட்டு."

தனகோடி பல்கலைக்கழக நூலகத்தில் பாஸ்கரன் ஒப்பந்த ஊழியர். இன்று ஆய்வுக் குழு வருகிறது. 'பாரம்பரிய நூலகம்' என்ற பட்டம் கிடைத்தால் வேலை நிரந்தரம். கிடைக்காவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று வேந்தரே சொல்லியிருந்தார். மகள் கலைவாணியை நிச்சயம் செய்தபோது, நிரந்தர உத்தியோகம் என்று சம்பந்தி வீட்டில் அளந்துவிட்டு வந்தவர் பாஸ்கரன். முகூர்த்தத்துக்கு முன்பாவது அதை உண்மையாக்கியாக வேண்டும்.

நூலகத்தின் வரலாறு ரொம்பச் சுருக்கம். திருவேற்காட்டைத் தாண்டி வேந்தரின் மாமனார் ஒரு நெல் மில் வைத்திருந்தார். மில் நூறு வருடப் பழசு. அது படுத்ததும் மருமகன் அங்கே கல்லூரி ஆரம்பித்து, நெல் மூட்டை அடுக்கிய கொட்டகையில் புத்தகங்களை அடுக்கினார். கட்டடத்துக்கு நூறு வயது என்றால் நூலகத்துக்கும் நூறுதானே என்று ஒரு கணக்குப் போட்டார். கல்வி வள்ளல் போட்ட கணக்கை யார் திருத்துவது? 'நூற்றாண்டு கண்ட அறிவுக் கருவூலம்' என்று விளம்பரத் தட்டி ஆவடி வரைக்கும் நின்றது.

கருவூலத்தில் இருந்தவை பரீட்சை கைடுகள், சர்க்கரை நோயாளிகளுக்கான சமையல் குறிப்புகள், பிறகு வேந்தரின் வாழ்க்கை வரலாறு, அலமாரி அலமாரியாக. வரலாற்றை வேந்தரே எழுதி, தன்னைப் புகழ்ந்து அணிந்துரையும் தானே எழுதியிருந்தார். அந்தப் புத்தகத்தை இதுவரை எலிகூடத் தொட்டதில்லை. அதனால்தான் இன்றைக்கு மட்டும் பழம்புத்தகங்களைத் திருவேங்கடத்திடம் வாடகைக்கு எடுத்திருந்தார் பாஸ்கரன்.

பாஸ்கரன் பலகைகளை மேலே சாத்திவிட்டு, யாரும் ஏறிவிடாதபடி ஏணியை ஒளித்து வைத்தார். கீழ்த்தட்டு நிஜப் புத்தகங்களைப் பிரித்தால், ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு ஊர் வக்கீல் சங்கத்தின் முத்திரை. அதன்மேல் பல்கலைக்கழக லேபிளை ஒட்டினார். அவசரத்தில் பசையை அள்ளிப் பூசி, காய்வதற்குள் அடுக்கியும் விட்டார். அரை மணி கழித்து இழுத்துப் பார்த்தால், அத்தனையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. இப்போது நிஜப் புத்தகங்களும் பலகையாகிவிட்டன.

மறுபடி போன்.

"திருவேங்கடம், ரெண்டு பெருச அனுப்பு. அலமாரிய மறைச்சிகினு குந்தி, ஆராய்ச்சி பண்ற மாதிரி இருக்கணும்."

"டயலாக் கீதா?"

"வாயே தொறக்கக் கூடாது!"

"அப்ப ஈஸி சார். நம்ம டிரைவரு அஜித்குமார் வேன்ல ஏத்திகினு வருவான்."

கேன்டீனில் டிபனுக்குச் சொல்லிவிட்டுப் பாஸ்கரன் திரும்பியபோது, நூலகத்தின் நடுநாற்காலியில் ஒருவர் வீற்றிருந்தார். சரிகை வேட்டி, தோளில் அங்கவஸ்திரம், மார்பு வரை வெண்தாடி. பார்த்ததும் கும்பிடத் தோன்றியது, பாஸ்கரனும் கும்பிட்டார். சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து மடக்கிவிட்டார் குழுத் தலைவர்!

"வெளிச்சம் பத்தல," என்றார் பெரியவர்.

பாஸ்கரன் ஓடிப்போய் இரண்டு விளக்கு கொண்டுவந்து வைத்தார்.

"லைப்ரரி எப்படிங்கய்யா இருக்கு?"

"நான் பாக்காத லைப்ரரியா? எங்க போனாலும் இதே புக்குதான்."

பாஸ்கரன் அக்கம்பக்கம் பார்த்தார். மனுஷன் மோப்பம் பிடித்துவிட்டார்! அவர் காதருகே குனிந்து, "ஐயா, வெளிய சொல்லிடாதீங்க. பொண்ணு கல்யாணம் வெச்சிருக்கேன்," என்று குழைந்தார்.

"நான் எதுக்கு சொல்லப் போறேன்? டிபன் எப்போ?"

நல்ல மனசு என்று பாஸ்கரன் உருகிப்போனார். வேந்தருக்குச் செய்தி பறந்தது. அவர் மேளதாளம் தவிர மற்ற எல்லாவற்றோடும் வந்து சேர்ந்தார். ஆளுயர மாலை விழுந்தது. பட்டுச் சால்வை விழுந்தது. முந்திரியும் நெய்ப்பொங்கலும் நூலக மேஜைக்கே வந்தன. வேந்தர் தன் வாழ்க்கை வரலாற்றைக் கையெழுத்திட்டுக் கொடுக்க, பெரியவர் அதைத் தட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

அந்த நேரத்தில் ஷேர் ஆட்டோவிலிருந்து இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். நூல் புடவை கட்டிய ஒரு அம்மாள். கூடவே, வெயிலில் வாடிப்போன ஒரு வழுக்கைத் தலைக்காரர். வாசலிலேயே பாஸ்கரன் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா இவ்ளோ லேட்டு?"

"பத்து மணின்னுதானே சொன்னீங்க? நாங்க..."

"உஷ்! ஒங்களுக்குப் பேச்சே கெடையாது. இந்த மூலையில குந்துங்க. கமிட்டித் தலைவர் இந்தப் பக்கம் பாத்தா பக்கத்தப் பொரட்டணும்."

அந்த அம்மாள் வழுக்கைத் தலைக்காரரைப் பார்த்தாள். அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவர் கையை மெல்ல அழுத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"எந்தப் பக்கத்தைங்க? இது தொறக்கவே மாட்டேங்குதே."

"பசை போட்டது. தொறக்காத. சும்மா மேல வெரல ஓட்டு."

"மேல்தட்டுல இருக்கறதை எடுக்கலாமா?"

"எடுத்தா பலகையோட வரும்மா! அது சினிமா செட்டு. ஒன்ன மாதிரிதான், வாடகை." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார் பாஸ்கரன். "யாராச்சும் கேட்டா, இருபது வருஷமா இங்கதான் வந்து படிக்கிறோம்னு சொல்லணும். புரியுதா?"

"நல்லாப் புரியுது," என்றாள் அந்த அம்மாள். "அந்தத் தலைவருக்கு இதெல்லாம் தெரியாதா?"

"அவரு அல்லாம் தெரிஞ்ச மனுஷன். பொங்கலுக்கு மசிஞ்சிட்டாரு."

இத்தனை சொல்லிக்கொடுத்தும் அவளுக்கு நடிப்பு வரவில்லை. புத்தகத்தைப் பார்க்காமல் மேல்தட்டையும் பாஸ்கரனையுமே பார்த்துக்கொண்டிருந்தாள். துணை நடிகர்களை இனிமேல் வேறு கடையில் சொல்ல வேண்டும் என்று பாஸ்கரன் நினைத்துக்கொண்டார்.

பெரியவர் ஏப்பம் விட்டார். "திருப்தி," என்றார். எதைச் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. வேந்தர் கை தட்டினார், துணைவேந்தர் தட்டினார், கேன்டீன்காரர்கூடத் தட்டினார். வேந்தர் பாஸ்கரனின் தோளில் கை போட்டு, "இன்னைலருந்து நீ பர்மனென்ட்யா!" என்றபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சம்பந்தி வீட்டில் சொன்ன பொய் ஒருவழியாக உண்மையாகிவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே வேன் சாவியைச் சுழற்றியபடி அஜித்குமார் நின்றிருந்தான்.

"சாரி சார், ரெண்டு பெருசு கேட்டீங்க, ஒர்த்தர்தான் கெட்ச்சாரு. தோ, மாலயப் போட்டுகினு முந்திரி துன்றாரே, அவருதான். சீன் முட்ஞ்சிச்சின்னா இட்டுகினு போவட்டுமா?"