ஊர் அத்துப்படி

“இது மணிக்கூண்டுக்குப் போற பஸ்தானேடா?” என்று அப்பா கேட்டபோது, பஸ் ஒரு சிமென்ட் கிடங்கின் வாசலில் நின்றிருந்தது. ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். கடைசி நிறுத்தம்.

“இதேதான்ப்பா. கொஞ்சம் சுத்திக்கிட்டுப் போகும்.”

“நிக்குதே?”

“அதுக்கும் ஓய்வு வேணாமா?”

அப்பா தலையாட்டினார். முப்பத்திரண்டு வருஷம் கண்டக்டராக இருந்தவர். பஸ்ஸுக்கு ஓய்வு வேண்டும் என்று யார் சொன்னாலும் மறுக்கமாட்டார்.

மகனுக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. ஒன்பது வருஷத்தில் ஊரில் பாதிப் பேரை நாற்காலியில் உட்கார வைத்து, “கடைசி வரி தெரியுதா?” என்று கேட்டிருக்கிறான். ஊரை மட்டும் பார்த்ததில்லை. வீடு விட்டால் கடை, கடை விட்டால் வீடு. ஆனால் போனில் பேசும்போதெல்லாம், “இந்த ஊர் எனக்கு அத்துப்படிப்பா, வாங்க சுத்திக் காட்டறேன்” என்று அளந்து வைத்திருந்தான்.

அப்பா வந்து மூன்று வாரமாகியும் லீவு கிடைக்கவில்லை. காலையில் டிவி ரிமோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போவான். இருட்டிய பிறகு வந்தால், அதே சோபாவில் அதே ரிமோட்டுடன் அப்பா. நாளைக் காலை அவருக்கு ரயில். கெஞ்சிக் கூத்தாடி இன்று ஒரு நாள் லீவு வாங்கியிருந்தான். முந்தின நாள் அக்கா வேறு போனில் பிடித்துக்கொண்டாள்: “நாலு சுவரைப் பார்க்கவாடா அப்பா அவ்வளவு தூரம் வந்தாரு?”

அதே பஸ்ஸில் திரும்பி, பாதி வழியில் இறங்கினார்கள். “இங்கிருந்து குறுக்கு வழி இருக்கு” என்றான் மகன். வானத்தில் ஒரு மேகம் இல்லை. அப்பா மஞ்சள் குடை ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

“குடை எதுக்குப்பா?”

“இருக்கட்டும்டா. கையில ஏதாவது இருந்தாத்தான் எனக்கு நடை வருது.”

குறுக்கு வழி அவர்களைப் பழைய மோட்டார் சாமான் கடைகளுக்கு நடுவே கொண்டுபோய் விட்டது. மகன் ஷூ லேஸைக் கட்டுவதுபோல் குனிந்து செல்போனில் வழி பார்த்தான். போன் அவனை ஆற்றுக்கு நடுவில் காட்டியது. குனிந்த இடத்தில் அப்பாவின் ஷூ கண்ணில் பட்டது. வாங்கிக் கொடுத்து மூன்று வாரம் ஆகவில்லை, அதற்குள் குதிகால் தேய்ந்திருந்தது. கடைக்காரன் நன்றாகத் தலையில் கட்டிவிட்டான் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டான்.

“அந்தச் சந்துல காத்து நல்லா வருதே, அப்படிப் போலாமா?” என்றார் அப்பா.

சந்து முடிந்த இடத்தில் மணிக்கூண்டு நின்றது.

“பார்த்தீங்களா, நான் சொன்ன வழி!” என்றான் மகன். வாசலில் பூட்டும் அறிவிப்புப் பலகையும் தொங்கின. செவ்வாய்க்கிழமை விடுமுறை.

“வெளியில இருந்துதான்டா இதுக்கு அழகு” என்றார் அப்பா.

விட்டதைப் பிடிக்க, ஆற்றில் உல்லாசப் படகு என்று அறிவித்தான் மகன். அவசரத்தில் ஏறியது லாரிகளை அக்கரைக்குக் கொண்டுபோகும் படகு. படகு புறப்பட்டதும் அப்பா பின்னால் திரும்பி, “எல்லாரும் ஏறியாச்சா?” என்றார்.

“நாம ரெண்டு பேர்தானேப்பா?”

“கண்டக்டர் புத்தி, போகுமா?”

ஒன்றரை மணி நேரம் டீசல் புகைக்கு நடுவே போய் வந்தார்கள். அப்பா ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்து, பிஸ்கட் தின்றபடி ஆற்றை ரசித்தார். மகனுக்கு அழுகை வரும்போல் இருந்தது.

மிச்சம் இருந்தது அருங்காட்சியகம் ஒன்றுதான். முதல் கூடத்தில் குதிரை மேல் ஒரு வெண்கலச் சிலை. இதில் கோட்டைவிடக் கூடாது என்று மகன் தொண்டையைக் கனைத்தான்.

“இவர்தான்ப்பா இந்த ஊரைக் கட்டின ராஜா.”

“அடேங்கப்பா! பேரு?”

“ரொம்ப நீளமான பேரு.”

பக்கத்தில் நின்ற ஒரு கணவனும் மனைவியும் காதைத் தீட்டிக்கொண்டு நெருங்கினார்கள். “குதிரை ஏங்க ஒரு காலைத் தூக்கியிருக்கு?” என்றார் கணவர்.

“போர்ல அடிபட்டது.”

“ராஜாவுக்கா, குதிரைக்கா?”

“ரெண்டு பேருக்கும்.”

இன்னும் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். கூட்டத்திலிருந்து ஓர் அம்மாள், “பாத்ரூம் எந்தப் பக்கம்ங்க?” என்று கேட்க, மகன் திருதிருவென்று விழித்தான்.

“இடது பக்கம் படி இறங்கினா ரெண்டாவது கதவும்மா” என்றார் அப்பா.

“உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?”

“வயசானவன் எங்க போனாலும் முதல்ல அதைத்தான்டா பார்த்து வைப்பான்.”

அதற்குள் அந்த மனைவி பீடத்துக்குக் கீழே குனிந்துவிட்டார். “இங்க ‘தீயணைப்புப் படைத் தலைவர்’னு போட்டிருக்கே?”

கூட்டம் மொத்தமும் மகனைப் பார்த்தது. அவன் சிலையைப் பார்த்தான். சிலை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

“ராஜா மாதிரி வாழ்ந்த மனுஷன்மா” என்று சொல்லிவிட்டு, அப்பா மகனின் தோளில் கைபோட்டு நகர்த்திக்கொண்டு போனார். கூட்டத்தைத் தாண்டும்வரை அவர் மறுகையில் மடக்கிய குடை தலைக்கு மேல் உயர்ந்தே இருந்தது.

வெளிவாசலை நெருங்கும்போது மகன் தலைகுனிந்தபடி, “ஒண்ணையுமே ஒழுங்கா காட்டலப்பா” என்றான்.

“யாரு சொன்னா? ஆறு, படகு, ராஜா, எல்லாம் பார்த்தாச்சு. நீ கூட வந்து காட்டினியே, மனசு நிறைஞ்சு போச்சுடா.”

மகன் தலை நிமிர்ந்தான். ‘அப்பாவுக்கு ஊர் முழுக்கக் காட்டியாச்சு’ என்று அக்காவுக்குச் செய்தி அனுப்பினான்.

வாசல் காவலாளி அப்பாவைப் பார்த்ததும் எழுந்து, வாயெல்லாம் பல்லாக ஒரு சல்யூட் வைத்தார்.

“என்ன கைடு ஐயா, நேத்து பதினாலு பேரைக் கூட்டிட்டு வந்தீங்க, இன்னைக்கு ஒரே ஆள்தானா? ஊருக்குப் புதுசு போல, ரொம்ப முழிக்கிறாரு. பத்திரமா பஸ் ஏத்தி விடுங்க!”