மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய ஆள்

பள்ளிபாளையம் மச்சான் வேலுசாமி அவர்களுக்கு, நாமகிரிப்பேட்டையிலிருந்து சின்னண்ணன் வணக்கம் சொல்லி எழுதுவது. அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நோய்நொடியில்லாமல் இருக்க முருகன் துணை. இங்கே உங்கள் தங்கை வசந்தாமணி சுகம், மாடுகள் சுகம், மஞ்சள் காடு சுகம். நான் மட்டும் சுகமில்லை. போனில் சொல்லலாம்தான். ஆனால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறவர், விஷயம் ஆற்றைத் தாண்டி ஈரோடு போய்விடும் என்றுதான் இந்தக் கடிதம்.

திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிக்காரர் வீட்டில் நம் தனப்பிரியாவைக் கேட்கிறார்கள் என்று சொன்னது நீங்கள். "ஆளு உட்டு விசாரிப்பாங்க, வாயப் பாத்துப் பேசுங்க" என்று எச்சரித்ததும் நீங்கள். அன்றிலிருந்து வாசலில் வண்டிச் சத்தம் கேட்டாலே நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நின்றேன். போன புதன்கிழமை வந்தே விட்டார் ஒருவர். வெள்ளைச் சட்டை, மொபெட், கக்கத்தில் ஒரு ஃபைல். "தனப்பிரியா ஊடு இதுங்களா? புள்ளையப் பத்திக் கொஞ்சம் விசாரிக்கோணுமுங்க" என்றார். நீங்களே சொல்லுங்கள், பெண்ணைப் பெற்றவன் வேறென்ன நினைப்பான்? வசந்தாமணி சந்தைக்குப் போயிருந்தாள், பெண் சேலத்தில் கம்ப்யூட்டர் வகுப்புக்கு. நானே கட்டிலைப் போட்டு, இளநீர் வெட்டி, டீயும் போட்டுக் கொடுத்தேன். நீங்கள் யார் என்று மட்டும் கேட்கவில்லை. விசாரிக்க வந்தவரிடம் அப்படிக் கேட்பது மரியாதையா?

"புள்ள குணம் எப்படிங்க?" என்றார். "தங்கமுங்க. குனிஞ்ச தலை நிமிராதுங்க. பொழுது சாஞ்சா ஊட்ட உட்டு வெளிய வராதுங்க" என்றேன். அவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். அடக்கத்தைக் கேட்டு மலைத்துப் போய்விட்டார் என்று நினைத்து இன்னும் நாலு படி ஏற்றினேன். "யாராச்சும் அதட்டுனாவே அழுதுருமுங்க. ரத்தத்தப் பாத்தா மயக்கமே வந்துருமுங்க. வேகமா நடந்தா மூச்சு வாங்குமுங்க." அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஏனுங்க, நெசமாவா?" என்றார். "சத்தியமுங்க" என்றேன். குடும்பத்தில் யார் மேலாவது கேஸ் உண்டா என்று கேட்டார். "எங்க வம்சத்துல ஒருத்தரும் ஸ்டேஷன் படி மிதிச்சதில்லீங்க. போலீஸுன்னாலே எங்களுக்கு ஆகாதுங்க" என்று அடித்துச் சொன்னேன். பாவம், மனிதர் இளநீரைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

எழுந்தவர் நேரே போனது எங்கே தெரியுமா? பக்கத்து வீட்டுப் பங்காளி சடையன் வீட்டுக்கு! நம் தென்னை மட்டை அவன் ஓட்டில் விழுந்ததிலிருந்து அவன் என்னோடு பேசுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். மாட்டுக் கொட்டகைச் சுவரோடு ஒட்டி நின்று கேட்டேன். அந்தப் படுபாவியும் வந்தவரைச் சம்பந்தி வீட்டு ஆள் என்றே நினைத்து, எனக்குக் கேட்கட்டும் என்றே கத்தினான். "அது புள்ளைங்களா? ராசிபுரம் பஸ்ஸுல ஒருத்தன் கை வெச்சான்னு சட்டையப் புடிச்சுக் கீழ எறக்கி அறஞ்சுதுங்க! விடியறதுக்குள்ள எந்திரிச்சுக் காட்டச் சுத்தி ஓடுதுங்க! நானு தடியெடுத்துட்டுப் போனனுங்க, ஒத்தக் கையில புடுங்கி வீசிப்போட்டுதுங்க!" சம்பந்தம் போயிற்று என்று எனக்குக் கண்ணே இருட்டிவிட்டது. வேலியைத் தாண்டி ஓடி, "அத்தனையும் பொய்யிங்க! எம்புள்ள ஈ எறும்புக்குத் துரோகம் நெனைக்காதுங்க!" என்று அலறினேன்.

வெள்ளைச் சட்டைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க பெரியவரே, உங்க புள்ளைக்கு வேலை கெடைக்கறது உங்களுக்கே புடிக்கலீங்களா?"

"வேலைங்களா? கண்ணாலமில்லீங்களா?"

"மத்திய ரிசர்வ் போலீஸுல செலக்ட் ஆயிருக்குதுங்க. நடத்தை விசாரிக்க வந்திருக்கறன். நா ஸ்பெஷல் பிராஞ்ச்."

மச்சான், நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். போலீஸ்! நம் வீட்டுப் பெண்! துப்பாக்கி! சேலத்தில் கம்ப்யூட்டரும் இல்லை ஒன்றும் இல்லை, மைதானத்தில் ஓடியிருக்கிறாள், தாண்டியிருக்கிறாள். உங்கள் தங்கைக்கு எல்லாம் தெரியும். தினம் அவித்த முட்டையாகத் தட்டில் விழுந்ததே, நாமக்கல்லில் முட்டை விலை இறங்கிவிட்டது என்றல்லவா நான் நினைத்துச் சாப்பிட்டேன்! சாயந்திரம் பெண் வந்தாள். நடந்ததைக் கேட்டாள். கத்தவில்லை. "ரெண்டு வருசமா ஓடுனனுங்கப்பா. ஒரு டீயில முடிச்சு வெச்சுட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தவள், இன்னும் என்னோடு பேசவில்லை. வசந்தாமணி, "நாளைக்கே ஸ்டேஷனுக்குப் போயி மாத்திச் சொல்லுங்க" என்று பிடிவாதமாக நிற்கிறாள். நான் போக மாட்டேன். பெண் பிள்ளை சீருடை போட்டுக்கொண்டு, ஊர் பேர் தெரியாத இடத்தில் காவலுக்கு நிற்பதாவது! நான் சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும். அதனாலேயே வேலை நின்றால் எனக்கு நல்லதுதான். பெண் அழுவதைப் பார்க்கத்தான் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து தாய்மாமன் என்ற முறையில் அவளுக்குப் புத்தி சொல்ல வேண்டும். திருச்செங்கோட்டாரிடம் இதைப் பற்றி மூச்சு விட வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆயுசும் படிப்பும் பெருகட்டும். ஆனால் என்ன படிக்கிறார்கள் என்று நேரில் போய் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மனம் உடைந்த
சின்னண்ணன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள். கடிதத்தை ஒட்டப் போகும்போது சேதி வந்தது. தான் வைத வசவெல்லாம் பெண்ணுக்கு நற்சான்றாகிவிட்டது என்று தெரிந்து, அதை மாற்றிச் சொல்ல சடையன் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறானாம். பின்னாலேயே ஓடினேன். அந்த வெள்ளைச் சட்டைக்காரர் முன்னால் நின்று, "அது பயந்தாங்கொள்ளிப் புள்ளைங்க சார், பல்லியப் பாத்தாவே கத்துமுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. நான் சொல்லலாம், பெற்றவன். இவன் யார் சொல்ல? "யாரப் பாத்துடா பயந்த புள்ளைங்கற? சார், நாந்தான் பொய் சொன்னனுங்க. பஸ்ஸுல அறஞ்சது நெசமுங்க. ஒண்ணில்லீங்க, ரெண்டு அறை! அவளுக்குப் பயந்துட்டு நானே ஊட்டுக்குள்ள பீடி பத்த வெக்கறதில்லீங்க!" என்று மேசையைத் தட்டிச் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு புதுத் தாள் எடுத்தார். கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினால் வாசலில் தனப்பிரியா நிற்கிறாள். "ரெண்டில்லீங்கப்பா, மூணு" என்றாள். கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான்.

ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாருங்கள். புத்தி சொல்ல வேண்டாம். பயிற்சிக்குப் போகிறவர்கள் இரும்புப் பெட்டி கொண்டுபோக வேண்டுமாம், அங்கே நல்லதாக ஒன்று பார்த்து வாங்கி வாருங்கள். மூடியில் பெயர் எழுதும்போது வெறும் தனப்பிரியா என்று எழுதிவிடப் போகிறான் பெயிண்டர். சின்னண்ணன் மகள் என்றும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்; எழுத்து பெரிதாக இருக்கட்டும்.