றோசமேரி டீச்சரின் மூன்றாவது கடவுச்சொல்

பள்ளிக்கூடம் விட்டு மாம்புரியில் இருக்கும் வீட்டுக்கு வந்த றோசமேரி டீச்சர் மின்னஞ்சலைத் திறந்தபோது, மகளின் புதுக் கடிதத்தை யாரோ ஏற்கெனவே வாசித்திருந்தார்கள்.

மகள் ஜெனிஸ்ரா தன் விருப்பத்துக்குக் கலியாணம் செய்து மன்னாருக்குப் போய் மூன்று வருடம். அவள் பெயரையே வீட்டில் எடுக்கக் கூடாதென்பது கணவர் இன்னாசிப்பிள்ளையின் கட்டளை. பேரப்பிள்ளையின் படங்கள் இந்த மின்னஞ்சலுக்குத்தான் களவாக வந்துகொண்டிருந்தன.

டீச்சர் உடனே கடவுச்சொல்லை மாற்றினார். ‘இதை நினைவில் வைத்துக்கொள்ளவா?’ என்று பிரவுசர் வழக்கம்போலப் பணிவாகக் கேட்டது. என்ன நல்ல பிள்ளை என்று நினைத்து ‘ஓம்’ அழுத்தினார்.

அடுத்த நாளும் புதுக் கடிதம் திறந்து கிடந்தது.

கிழிந்த மீன்வலையைப் பொத்திக்கொண்டிருந்த இன்னாசிப்பிள்ளை நிமிராமலே கேட்டார். “என்னப்பா, முகம் வெளிறிப்போய்க் கிடக்கு?”

“கொம்பியூட்டருக்குள்ள ஆரோ கள்ளன் பூந்திட்டான்.”

“அப்ப பூட்டை மாத்தன்.”

மாற்றினார். பன்னிரண்டு அப்போஸ்தலர்களின் முதலெழுத்துகளும் தன் கலியாண நாளும் சேர்ந்த நீளமான சொல். பிரவுசர் கேட்டது, மறுபடியும் ‘ஓம்’. கள்ளனும் மறுபடியும் வந்தான்.

‘உங்கள் கணினி ஆபத்தில்!’ என்று திரையில் ஒரு பெட்டி மின்னியது. அதை அழுத்தி, கள்ளன் பிடிக்கும் மென்பொருள் ஒன்றை இறக்கினார். அதன்பிறகு எதைத் திறந்தாலும் சப்பாத்து விளம்பரம்தான் வந்தது. பேரப்பிள்ளை வரவேயில்லை.

சனிக்கிழமை மடிக்கணினியைத் துவாயில் சுற்றிக்கொண்டு, கற்பிட்டியில் கணினி திருத்தும் றுஷ்னாவிடம் போனார்.

றுஷ்னா அந்த மென்பொருளை அழித்தாள், பிரவுசரைப் புதுப்பித்தாள், மின்னஞ்சல் எப்போது எங்கிருந்து திறக்கப்பட்டது என்ற பதிவையும் பார்த்தாள். “பயங்காட்டுற பெட்டி வந்தா அழுத்தாம மூடிடுங்க டீச்சர். மெஷினுக்கும் ஒரு பூட்டுப் போடுங்க. பிரவுசர்ல கடவுச்சொல்லைச் சேமிச்சா, மெஷினைத் திறக்கிற ஆருக்கும் அது கதவைத் திறந்து விட்டுடும்.”

“அப்ப கள்ளன்?”

“வெளியால இருந்து ஒருத்தரும் வரல்ல. இதே மெஷின்லதான். நீங்க பள்ளிக்கூடத்தில நிக்கிற நேரம், காலையில பத்து மணிக்கு.”

டீச்சர் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “என்னத்தை எடுத்துக்கொண்டு போனவர்?”

றுஷ்னா திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

“ஒண்டும் எடுக்கல்ல டீச்சர். அனுப்பாத கடிதம் பதினொண்டு எழுதி வச்சிருக்கார். எல்லாத்திலயும் ஒரே வரிதான்: ‘மகள், அப்பா கதைக்கிறன்.’”